இபார் ஆற்றின் தென்கரையில் ஒரு மஹல்லா

கொசோவோவின் வடக்கில் மித்ரோவிட்சா என்றொரு நகரம். இபார் ஆறு அதை இரண்டாக வகுந்துகொண்டு ஓடுகிறது. 1999 ஜூன் மாதம்வரை ஆற்றின் தென்கரையில் பிறர் ஜிப்சிகள் என்றழைக்கும் ரோமாக்கள் ஏறத்தாழ 8,000 பேர் வாழ்ந்த குடியிருப்பு ஒன்று இருந்தது. ஊரில் அதற்கு மஹல்லா என்று பெயர். நம் ஊர்களில் முஸ்லிம்கள் ஒரு ஜமாஅத்துக்கு உட்பட்ட தெருக்களை மஹல்லா என்கிறார்களே, அதே அரபுச் சொல்தான். உதுமானியர் ஆட்சியோடு பால்கன் நாடுகளுக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டது. இந்த மஹல்லாவுக்கு 'ஃபாப்ரிச்கா' என்ற அடைமொழியும் உண்டு. ஃபாப்ரிகா என்றால் தொழிற்சாலை. ட்ரெப்சா சுரங்கத்தையும் அதைச் சார்ந்த ஆலைகளையும் நம்பி வளர்ந்த நகரத்தில், வீடு கட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்தவர்களின் பேட்டை அது. 1999-ல் நேட்டோ விமானங்கள் 78 நாள் குண்டு வீசின. ஜூனில் செர்பியப் படைகள் வெளியேறின. அவர்களால் விரட்டப்பட்டிருந்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அல்பேனியர்கள் வீடு திரும்பத் தொடங்கினார்கள். அந்த மாதமே மஹல்லா சூறையாடப்பட்டு, வீடு வீடாக எரிக்கப்பட்டது. பன்னாட்டு அமைதிப்படையின் பிரெஞ்சுப் பிரிவு நகரத்துக்குள் இருந்தபோதே இது நடந்தது. உடுத்திய துணியோடு பாலத்தைக் கடந்து வடகரைக்கு ஓடியவர்களுக்கு அன்று முதல் உலகம் கொடுத்த அடையாளம் 'இடம்பெயர்ந்தோர்'. ஆனால் அவர்களுக்கென்று அதைவிடப் பழைய அடையாளம் ஒன்று ஏற்கெனவே காத்திருந்தது: நாடோடிகள்.

போரால் பெயர்க்கப்பட்ட ரோமாக்களின் அனுபவத்தை ஆராய வருபவருக்கு முதல் தடை ஆவணப் பற்றாக்குறை என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. என் பார்வையில் முதல் தடை இந்தச் சொல். ஒருவரைப் போர் இடம்பெயர்த்தது என்று சொல்ல வேண்டுமானால் அவருக்கு ஓர் இடம் இருந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். நாடோடி என்று பெயரிட்ட மாத்திரத்தில் அந்த ஒப்புதல் இல்லாமல் போகிறது. வீடு இருந்ததா, எத்தனை அறை, யார் பெயரில் மனை, எந்தப் பள்ளியில் பிள்ளை படித்தது என்றெல்லாம் மற்ற அகதிகளிடம் கேட்கப்படும் கேள்விகள் ரோமாவிடம் கேட்கப்படுவதில்லை. கேட்காததால் பதிவாவதில்லை. பதிவாகாததால் பின்னால் வரும் ஆராய்ச்சியாளர் சான்றில்லை என்கிறார். தமிழிலும் 'ஜிப்சி வாழ்க்கை' என்றால் கால் போன போக்கில் கவலையற்றுத் திரிவது என்ற பொருள்தான் புழங்குகிறது. அந்தப் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பவருக்கு எரிந்த மஹல்லா ஓர் இழப்பாகவே தெரியாது.

உண்மையில் பால்கன் ரோமாக்களில் மிகப் பெரும்பாலோர் நெடுங்காலமாக ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவர்கள். 1522-23-ல் உதுமானிய அரசு தன் ஐரோப்பிய மாகாணமான ருமேலியாவின் ரோமாக்களைத் தனிப் பதிவேட்டில் வரிக்காக எண்ணி எழுதியது. ஒட்டிக்கொள்ள ஊரில்லாதவர்களிடம் இப்படி வரி தண்டுவது கடினம். அவர்கள் மொழியிலும் இந்த வரலாறு படிந்திருக்கிறது. ரோமானி மொழியின் அடித்தளம் வட இந்திய மொழிக் குடும்பம். தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் சொல் பானி. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணும்போது இந்திய வேர் கேட்கிறது. ஏழு, எட்டு, ஒன்பது வரும்போது கிரேக்கச் சொற்கள் வந்துவிடுகின்றன. எண்களையே கடன் வாங்கும் அளவுக்கு ஒரு மொழி இன்னொரு மொழியோடு கலக்க வேண்டுமானால் அந்த மண்ணில் பல தலைமுறை தங்கியிருக்க வேண்டும். பயணத்துக்குச் சான்றாக எல்லோரும் காட்டும் இதே மொழி, தங்கலுக்கும் அதே அளவு சான்று. (ரோமா என்ற பெயருக்கும் ரோம் நகருக்கும் தொடர்பில்லை, ருமேனியாவுக்கும் இல்லை. ரோமானியில் 'ரோம்' என்றால் அந்தச் சமூகத்து ஆண், கணவன்.)

இந்தச் சொல்லின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனி நல்ல சான்று. 1940 மே மாதம், மேற்கு எல்லையில் போர் தொடங்கிய சமயத்தில், ஜெர்மனியின் மேற்குப் பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 2,500 சிந்தி (ஜெர்மன் மொழிப் பகுதிகளில் வாழும் ரோமா கிளையினர்), ரோமா மக்கள் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்துக்கு நாடு கடத்தப்பட்டார்கள். தென்மேற்குப் பகுதியினரை ஆஸ்பெர்க் என்ற சிற்றூரின் மலைக்கோட்டைச் சிறையில் கூட்டி வைத்தார்கள். அங்கிருந்து அவர்களை நடத்திப் போனபோது எடுத்த வண்ணப் புகைப்படங்கள் ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். தெருவின் இருபுறமும் ஜன்னல் வைத்த வீடுகள். நடுவே கோட்டும் சூட்டும் அணிந்த ஆண்கள், நல்ல மேலங்கி போட்ட பெண்கள், குழந்தைகள். பக்கத்தில் காவலர்கள். கூடாரமோ வண்டியோ கண்ணில் படவில்லை. நகரவாசிகள் சிலரை அவர்கள் நகரத்திலிருந்து அகற்றும் காட்சி அது. ஆனால் போர் முடிந்து, உயிர் பிழைத்தவர்கள் இழப்பீடு கேட்டபோது, மேற்கு ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 1956 ஜனவரி 7-ல் மறுத்தது. 1940 நாடு கடத்தல் இன ஒடுக்குமுறை ஆகாது, அது பாதுகாப்பு நடவடிக்கை என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு ஆதாரமாக அந்த மக்களின் சமூகப் பொருத்தமின்மையும் நிலையற்ற வாழ்க்கையும் சுட்டப்பட்டன. 1963-ல் அதே நீதிமன்றம் தன் நிலையைத் திருத்திக்கொண்டது. அதற்குள் பலருடைய மனுக்கள் தள்ளுபடியாகியிருந்தன, பலர் இறந்திருந்தார்கள். அந்த நீதிமன்றத்தின் தலைவராக இருந்த பெட்டினா லிம்பெர்க் 1956 தீர்ப்புக்காக நீதிமன்றம் வெட்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

அந்தப் புகைப்படங்களை எடுத்தது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ராபர்ட் ரிட்டர் தலைமையிலான, நாஜி அரசின் இன ஆராய்ச்சி நிலையம். அந்த நிலையத்தின் ஆட்கள் வீடு வீடாகப் போய் வம்சாவளி கேட்டு எழுதினார்கள், மண்டை ஓட்டை அளந்தார்கள், ஏறத்தாழ 24,000 பேரைப் பற்றி இன மதிப்பீட்டு அறிக்கை தயாரித்தார்கள். அந்த அறிக்கைகள் வதைமுகாம்களுக்கு வழி காட்டின. போருக்குப் பிறகும் அந்தக் கோப்புகளின் ஒரு பகுதி ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. 1981 செப்டம்பர் 1-ல் சிந்தி மக்கள் பல்கலைக்கழக ஆவண அறைக்குள் நுழைந்து, கோப்புகளைத் தேசியக் காப்பகத்துக்கு மாற்றும்வரை வெளியேற மறுத்தார்கள். ஆராய்ச்சி என்ற சொல்லை ஒரு ரோமா முதியவர் கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறார் என்றால் அதற்கு இந்த வரலாறு போதும். அதே வம்சாவளிப் பட்டியல்கள்தான் இன்று பேரனுக்குத் தன் பாட்டி எந்தத் தெருவில் இருந்தாள் என்று சொல்கின்றன என்பது வேதனை தரும் உண்மை. அவற்றைப் பயன்படுத்தத்தான் வேண்டும். எழுதிய கை எது, எழுதக் காரணம் எது என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைத்தபடி பயன்படுத்த வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ரோமாக்களில் ஊர் ஊராகப் போனவர்களும் இருந்தார்கள்தானே, அதை மறைப்பது நியாயமா? இருந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. 1942-ல் ருமேனியாவின் சர்வாதிகாரி அந்தோனெஸ்கு, ரோமாக்களை டினீஸ்டர், பூக் நதிகளுக்கு இடையில் தன் படை பிடித்திருந்த ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்குக் கடத்த உத்தரவிட்டார். கோடையில் 11,441 பேரை 'நாடோடிகள்' என்ற தலைப்பில் அனுப்பினார்கள். செப்டம்பரில் 13,176 பேரை 'நிலைத்து வாழ்பவர்கள்' என்ற தலைப்பில். முதல் கூட்டம் தங்கள் சொந்தக் குதிரைவண்டிகளில், காவல் நிலையத்திலிருந்து காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டது. போய்ச் சேர்ந்த பிறகு வண்டியையும் குதிரையையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். அந்த வண்டிதான் அவர்களுக்குப் படுக்கை, அடுப்படி, பட்டறை எல்லாம். அதைப் பறித்த இடத்தில்தான் அவர்கள் வீடிழந்தார்கள். இரண்டாவது கூட்டத்தை ரயிலில் ஏற்றினார்கள். விட்டுப்போன வீடுகளையும் பொருள்களையும் சிறுபான்மையினர் சொத்துகளை ருமேனியர் கைக்கு மாற்றுவதற்கென்றே இருந்த அரசு மையம் எடுத்துக்கொண்டது. போர்முனையில் ருமேனிய சீருடையில் இருந்த ரோமா சிப்பாய்கள் விடுப்பில் வந்து, குடும்பம் இருந்த வீடு காலியாகக் கிடப்பதைக் கண்டு மனுப் போட்டார்கள். அந்த மனுக்கள் இன்றும் காப்பகங்களில் இருக்கின்றன. பசி, குளிர், டைஃபஸ் காய்ச்சல் ஆகியவற்றில் ஏறத்தாழ 11,000 பேர் மாண்டார்கள். ஆக, வண்டியில் வாழ்ந்தவரும் சரி, வீட்டில் வாழ்ந்தவரும் சரி, இழந்தது குடியிருப்பை. தன் பாதையைத் தானே தேர்ந்து போவதும் துப்பாக்கி முனையில் ஓட்டப்படுவதும் ஒன்றாகாது.

மித்ரோவிட்சாவுக்குத் திரும்புவோம். ஆற்றைக் கடந்தவர்களில் நூற்றுக்கணக்கானோரை ஐ.நா. அமைப்புகள் ஷித்கோவாட்ஸ், செஸ்மின் லுக், கப்லாரே என்ற இடங்களில் முகாம் அமைத்துத் தங்க வைத்தன. கொஞ்ச நாளைக்கு என்று சொல்லப்பட்டது. அந்த இடங்கள் ட்ரெப்சாவின் ஸ்வெச்சான் ஈய உருக்காலைக்கும் அதன் கசடு மேடுகளுக்கும் அருகில் இருந்தன. காற்றடித்தால் ஈயத் தூள் பறக்கும். 2000 ஆகஸ்டில் ஐ.நா. நிர்வாகமே மாசு காரணம் காட்டி உருக்காலையை மூடியது. அந்த ஆண்டு நடந்த மருத்துவ ஆய்விலேயே இப்பகுதி மக்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பது தெரிந்துவிட்டது. ஆலை மூடப்பட்டது, முகாம்கள் மூடப்படவில்லை. 2004-ல் உலக சுகாதார நிறுவனம் முகாம் குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 10 மைக்ரோகிராமுக்கு மேல் போனாலே ஆபத்து என்பது அன்றைய அளவுகோல். சில குழந்தைகளுக்கு 65-ஐத் தாண்டியது. சோதனைக் கருவியால் அதற்கு மேல் அளவிட முடியவில்லை. குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உடனே வெளியேற்றுங்கள் என்று நிறுவனம் சொன்னது. 2006-ல்தான் ஒரு பகுதியினர் பக்கத்திலேயே பிரெஞ்சுப் படை காலி செய்துபோன ஓஸ்டரோடே பாசறைக்கு மாற்றப்பட்டார்கள். செஸ்மின் லுக் முகாம் 2010 வரை நின்றது, ஓஸ்டரோடே அதற்குப் பிறகும்.

இதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் ஒன்று: முகாம்வாசிகள் பழைய கார் பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி விற்றார்கள், நஞ்சு அதிலிருந்து வந்தது. பேட்டரி உருக்கியது உண்மை, அது நஞ்சைக் கூட்டியது என்பதும் உண்மை. ஆனால் 2000-ல் இரத்தத்தில் ஈயம் கண்டது முகாமுக்குள் மட்டும் இல்லை. மண்ணிலும் தூசியிலும் அது ஏற்கெனவே கிடந்தது. கசடு மேட்டோரம் வேலையின்றி அடைக்கப்பட்டவர்கள் கிடைத்த பழைய இரும்பையும் பேட்டரியையும் விற்றுச் சாப்பிட்டதை அவர்களின் 'வாழ்க்கை முறை' என்று சொல்லும்போது, 1956 தீர்ப்பின் தர்க்கம் அப்படியே திரும்பி வருகிறது. செய்த அரசின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவரின் இயல்பாகிவிடுகிறது.

இன்னும் கடுமையான மறுப்பு கொசோவோவிலிருந்தே வரும். ரோமாக்கள் செர்பியருக்கு ஒத்தாசை செய்தார்கள், அதனால்தான் விரட்டப்பட்டார்கள் என்பது. இதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. சிலர் செர்பியப் படையினரோடு சேர்ந்து கொள்ளையிட்டார்கள் என்பதற்குச் சாட்சியம் உண்டு. பலரைக் கட்டாயப்படுத்திப் பிணங்களைப் புதைக்க வைத்தார்கள் என்பதற்கும் உண்டு. 1999 பிப்ரவரியில் பிரான்சின் ரம்பூயேயில் நடந்த கொசோவோ பேச்சுவார்த்தைக்குப் போன செர்பியத் தரப்புக் குழுவில் ரோமாக்களையும், எகிப்தியர் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் கொசோவோச் சமூகத்தவரையும் காட்சிக்கு வைத்துக்கொண்டது பெல்கிரேட் அரசு. அந்தக் காட்சியின் விலையை அந்த மேடைக்கே போகாதவர்கள் கொடுத்தார்கள். ஒத்தாசைதான் காரணம் என்றால், ஐந்து ஆண்டு கழித்து 2004 மார்ச் கலவரத்தில் கொசோவோவின் வுஷ்த்ரி நகரில், ரோமாக்களோடு சேர்த்தே எண்ணப்படும் அஷ்காலி சமூகத்தின் 69 வீடுகள் ஏன் எரிந்தன? அஷ்காலிகள் அல்பேனிய மொழி பேசுபவர்கள், பலர் அப்போதுதான் நம்பித் திரும்பி வந்திருந்தார்கள். அல்பேனியர் பட்ட துயரம் அளவில் மிகப் பெரிது, செர்பியரும் பெருமளவில் ஓடினார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஓர் அரசு இருந்தது, இழப்பைக் கணக்கெடுக்க ஆள் இருந்தார்கள். ரோமாக்களின் இழப்பு அந்த இரு கணக்கிலும் ஏறவில்லை.

ஏறாமல் போன விதத்தைப் பார்த்தால் இந்த ஆராய்ச்சி ஏன் இவ்வளவு சிரமம் என்று புரியும். கொசோவோவின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் பலவற்றைப் பின்வாங்கிய செர்பிய நிர்வாகம் நீஷ், கிராலியெவோ போன்ற நகரங்களுக்கு எடுத்துப் போய்விட்டது; சில போரில் அழிந்தன. பிறப்பே பதிவாகாத ரோமா ஒருவர் தான் பிறந்ததை நிரூபிக்க எந்த நாட்டில், எந்த அலுவலகத்தில் நிற்பது? செர்பியாவில் இப்படிப்பட்டவர்களைச் 'சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்றே அழைத்தார்கள். 2012-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் நீதிமன்றம் வழியாகப் பிறந்த தேதியையும் இடத்தையும் பெறும் வழி திறந்தது. மாண்டினீக்ரோவுக்கு ஓடி, போட்கோரித்சாவின் கோனிக் முகாமில் தங்கியவர்கள் கதை வேறு. 1999-ல் கொசோவோவும் மாண்டினீக்ரோவும் ஒரே நாட்டில் இருந்ததால் அவர்கள் அகதிகள் ஆகவில்லை, உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் ஆனார்கள். 2006-ல் மாண்டினீக்ரோ தனி நாடானது. முகாமை விட்டு ஓரடி நகராமலே அவர்கள் அயல்நாட்டவர் ஆனார்கள். ஜெர்மனிக்குப் போனவர்கள் கையில் 'டுல்டுங்' தாள் இருந்தது. சகித்துக்கொள்கிறோம் என்று பொருள். தங்கும் உரிமை கிடையாது, திருப்பி அனுப்புவதை மட்டும் தள்ளிப்போடும். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழர் பலருக்கு அந்தத் தாள் நன்றாகப் பழக்கம். சில மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே பத்தாண்டு கழித்த குடும்பங்கள், 2010-ல் ஜெர்மனியும் கொசோவோவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு திருப்பி அனுப்பப்பட்டன. ஜெர்மன் பள்ளியில் படித்த பிள்ளைகள் தங்களுக்கு மொழி தெரியாத 'சொந்த ஊரில்' இறங்கினார்கள்.

ஆவணம் இப்படிச் சிதறும்போது எண்ணிக்கையை நம்ப முடியாது. 1991 கணக்கெடுப்பில் கொசோவோவின் ரோமாக்கள் ஏறத்தாழ 45,000. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தார்கள் என்பது பரவலான மதிப்பீடு. 2011 கணக்கெடுப்பில் ரோமா 8,824, அஷ்காலி 15,436, எகிப்தியர் 11,524. அதுவும் மித்ரோவிட்சாவின் வடகரை கணக்கெடுப்பைப் புறக்கணித்த நிலையில். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் பயத்தில் அடையாளத்தை மாற்றிச் சொன்னார்கள் என்பதை இந்த எண்களிலிருந்து பிரிக்க முடியாது. வாய்மொழிச் சாட்சியத்தைத் தேடிப் போனால், நினைவு பிசகும், இழப்பீட்டுக்காக மிகைப்படுத்துவார்கள் என்று மறுக்கிறார்கள். நினைவு பிசகும்தான். மனைப் பதிவையும் பள்ளி வருகைப் பதிவேட்டையும் மருத்துவச் சோதனையையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும் முறை அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் அரசுக் குறிப்புக்கு இந்தச் சோதனை வேண்டாமா? 1956 தீர்ப்பு முத்திரையிட்ட ஆவணம்தான்.

பழைய கதை என்று இதைத் தள்ள முடியாது. 2022-ல் உக்ரைனிலிருந்து ஓடிவந்த ரோமாக் குடும்பங்கள் செக் தலைநகர் பிராகின் பிரதான ரயில் நிலையத்தில் நாள்கணக்கில் தரையில் படுத்துக் கிடந்தன. உக்ரைனின் ட்ரான்ஸ்கார்பாத்தியா பகுதிக்காரர்கள் ஹங்கேரியக் குடியுரிமையும் வைத்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் செக் அதிகாரிகள் அவர்களை மட்டும் நீண்ட சரிபார்ப்புக்கு உட்படுத்தினார்கள். போருக்குத் தப்பி ஓடி வந்தவரா, சலுகைக்குச் சுற்றுபவரா என்பதுதான் கேள்வி. பக்கத்து வரிசையில் நின்ற மற்ற உக்ரைனியரிடம் அது கேட்கப்படவில்லை. உக்ரைனின் 2001 கணக்கெடுப்பு சொன்ன ரோமாக்கள் 47,587. சமூக அமைப்புகளின் மதிப்பீடு நான்கு லட்சம்வரை போகிறது. இந்தப் போர் இடம்பெயர்த்தவர்களைப் பற்றி எழுதப்போகிறவர், அந்த ரயில் நிலையத்தில் யார் எதற்காக நிறுத்தப்பட்டார்கள் என்பதை இப்போதே குறித்து வைத்தால் உண்டு.

மித்ரோவிட்சா முகாம்களுக்கு ஒரு பதில் கிடைத்தது. ஐ.நா. நிர்வாகம் தன்மீதான புகார்களை விசாரிக்கத் தானே அமைத்திருந்த மனித உரிமை ஆலோசனைக் குழு, 138 முகாம்வாசிகளின் புகாரை விசாரித்து, 2016 பிப்ரவரியில் அவர்கள் பக்கம் நின்றது. வாழும் உரிமை மீறப்பட்டது, பாகுபாடு காட்டப்பட்டது, பகிரங்க மன்னிப்பும் இழப்பீடும் வேண்டும் என்றது. குழுவின் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. 2017 மே மாதம் ஐ.நா. ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, சமூகத் திட்டங்களுக்கென ஒரு நிதியத்தை அறிவித்தது. தனித்தனி ஆளுக்கு இழப்பீடு கிடையாது. ஆனால் ஈயம் தனித்தனி ஆளின் உடலில் இருக்கிறது. இரத்தத்திலிருந்து சில மாதங்களில் இறங்கிவிடும் ஈயம் எலும்பில் பல பத்தாண்டு தங்கும். பெண் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து கால்சியத்தோடு அதுவும் கரைந்து மறுபடி இரத்தத்தில் கலக்கும், அங்கிருந்து சிசுவுக்குப் போகும். 2004-ல் கருவியால் அளக்க முடியாத அளவு காட்டிய முகாமில் இரண்டு, மூன்று வயதில் இருந்த சிறுமிகளுக்கு இப்போது குழந்தை பெறும் வயது.